முதலில் திறந்தவர் ஜாதகம்

"சார், ஒடனே கெளம்பி திண்டிவனம் வாங்க. நம்ம ஆபீஸ்ல ஒருத்தி தகவல லீக் பண்ணிக்கினு இருக்கா!"

ராமமூர்த்தி போனில் கத்தியபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. தப்பு நம் பக்கம் இல்லையே!

நான் விழுப்புரத்தில் வெப் ஹோஸ்டிங் வேலை பார்த்தவன். எதையும் சுலபத்தில் நம்ப மாட்டேன். எஸ்.எஸ்.டி. புதிதாக வந்தபோது, சுற்றாத டிஸ்க் எப்படி வேலை செய்யும், டுபாக்கூர் சரக்கோ என்று காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. சந்தேகம் கூடியது.

ராமமூர்த்தி திண்டிவனத்தில் திருமணத் தகவல் மையம் நடத்தினார். அவர் சைட் ஆமை வேகம். அது ஓடும் சர்வரில் பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன், நன்றாகவே ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? கேச்சும் போட்டேன். கேச் என்றால், சர்வர் ஒரு பக்கத்தை ஒருமுறை தயாரித்து நகல் வைத்துக்கொள்ளும். அடுத்து யார் கேட்டாலும் அந்த நகலையே நீட்டிவிடும். சைட் பறந்தது.

பத்தே நாளில் இந்த போன். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டுக்குக் காட்டிய ஜாதகத்தை, அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்வரை அடுத்த வீட்டுக்குக் காட்டக் கூடாது. யார் வேண்டாம் என்றார்கள் என்பதும் வெளியே போகக் கூடாது. வல்லத்துக்காரர் ஒருவர் தன் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மூன்று வீடுகள் தட்டிக்கழித்த விவரம், இப்போது பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு முறிந்தது.

"பாஸ்வேர்டெல்லாம் இவ கையிலதான் கீது. வேற யாரு பண்ணுவா? நீங்க கண்டுபுடிச்சிக் குடுங்க, இன்னைக்கே அனுப்பிடறேன்" என்று, நான் போய் நின்றதுமே டைப்பிஸ்ட் சகாயமேரியைக் காட்டினார் ராமமூர்த்தி. முகையூர்ப் பெண். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவள் கம்ப்யூட்டரை அலசினேன். ஒன்றுமில்லை. போனைக் கேட்டேன். கொடுத்தாள். எல்லோர் முன்னாலும் மெசேஜ்களைப் படித்தேன். பாதி, அவள் அக்கா அனுப்பிய 'சாப்டியா'. அப்போதும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? கெட்டிக்காரி, சுத்தமாக அழித்திருக்கிறாள் என்றது.

"என் மிஷினு, என் போனு எல்லாம் பாத்துட்டீங்க. உங்க சர்வரப் பாத்தீங்களா சார்?" என்றாள்.

"அது நானே செட் பண்ணதும்மா."

அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அவள் வாயை அடைப்பதற்காகவே என் லேப்டாப்பில் சோதனைக் கணக்கு ஒன்றால் லாகின் செய்தேன். திரையில் வல்லத்துக்காரரின் பெயர் சொல்லி வரவேற்பு. கீழே அந்த மூன்று வீடுகள்.

அடப்பாவி! லாகின் செய்தவர்களின் பக்கத்தை நகல் எடுக்காதே என்று கேச்சுக்கு நான் சொல்லவே இல்லை. முதலில் திறந்தவர் பக்கம், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் போயிருக்கிறது.

'வைரஸ்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சார், இது என் தப்பு. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல" என்றேன்.

ராமமூர்த்தி என்னைத் திட்டியதை எழுத முடியாது. வல்லத்துக்காரரிடமும் என்னையே போனில் பேச வைத்தார். அதையும் எழுத முடியாது. பிறகு தாழ்ந்த குரலில், "நீ போய் சீட்ல ஒக்காரும்மா" என்றார்.

சகாயமேரி உட்காரவில்லை. என்னிடம் கையை நீட்டினாள். அவள் போன் அதுவரை என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"எங்கக்கா சாப்டியான்னு கேட்டதக்கூட எல்லாரு முன்னாடியும் படிச்சீங்க. இனிமே இங்க எப்பிடி சார் ஒக்காந்துக்கினு வேல செய்வேன்?"

மறுநாள் அவள் வரவில்லை. பிறகும் வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன்: கேச் போட்டால் இரண்டு பேர் கணக்கில் லாகின் செய்து பாருங்கள். சந்தேகப்படும் குணத்தை நான் இன்னும் விடவில்லை. வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் முதல் ஆள் நான்தான்.