தம்பியின் தழும்பில்லாத கை

என் இடது கையில், தோளுக்குக் கீழே, அம்மை குத்திய தழும்புகள் இரண்டு இருக்கின்றன. தம்பியின் கையில் ஒன்றுகூட இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பிறந்தபோது நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். அங்கே அம்மை குத்துகிறவர் காலையிலேயே வந்துவிடுவாராம். அம்மைப்பால் என்கிற அந்த மருந்துக் குழாய்களை ஐஸில் வைத்திருப்பாராம். எட்டாம் நாள் திரும்ப வந்து, கொப்புளம் எழும்பி மருந்து பிடித்ததா என்று கையைப் பிடித்துப் பார்ப்பாராம். பிறகு அப்பாவுக்குத் திருவொற்றியூரில் வேலை கிடைத்து, பட்டணத்து எல்லையான டோல்கேட்டைத் தாண்டிக் குடிபோனோம். தம்பி அங்கேதான் பிறந்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் சில மைல்தான். ஆனால் இங்கே அம்மை குத்துகிறவர் எப்போதாவது, உச்சி வெயிலில், சைக்கிளில் வருவார். குழாய்கள் சட்டைப் பையில் கிடக்கும். எங்கள் தெரு வழியாகப் போகிற மீனுக்குக்கூட ஐஸ் உண்டு!

அந்த நேரத்தில் பாதிப் பெண்கள் தீப்பெட்டிக் கம்பெனியில் இருப்பார்கள். அம்மா மட்டும் அன்று வேலைக்குப் போகாமல், தம்பியை இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். அவர் குத்தினார், நோட்டில் எழுதிக்கொண்டார், போனார். எட்டாம் நாள் வரவில்லை.

தம்பிக்குக் கொப்புளம் எழும்பவே இல்லை. வெயிலில் கெட்ட பால் எப்படி எழும்பும்? அதை எங்களுக்கு எவன் சொன்னான்? "நம்ம புள்ளைக்கு ஆத்தா நோவே குடுக்கல, பாத்தியா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள். கொடுத்துவைத்த பிள்ளை என்றார்கள் மற்றவர்களும். அவள் பட்ட அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அடுத்த கோடையில் பெரியம்மை வந்தது. பதினோராம் நாள் தம்பி போய்விட்டான்.

அதற்குப் பிறகு சுகாதார அதிகாரி ஜீப்பில் வந்தார். காலையிலேயே வந்தார், ஐஸ் பெட்டியோடு வந்தார். எங்கள் வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தார்.

"உங்க ஜனங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது. ஊசின்னா ஓடி ஒளிஞ்சுக்க வேண்டியது, அப்புறம் சாமி கோபம்னு அழ வேண்டியது!"

அவருடைய ஆளிடம் அதே நோட்டு இருந்தது. தம்பிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார். அந்த ஆள் புரட்டிப் படித்தார்: "குத்தியது. எழும்பியது."

எழும்பியதை எந்தக் கண் பார்த்தது? அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

"நாங்க ஓடல சாமி. நான்தான் புடிச்சிகினு நின்னேன். கொயந்த அயுதான், கைய இய்த்தான். நான் வுடல."