பெருக்காத வாசல்

எங்கள் குப்பத்துக்கு வடக்கே ஒரு பள்ளம் இருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், மற்ற மாதங்களில் ஆடு மேயும். அதைக் குப்பை கொட்டித் தூர்த்து மேடாக்குவது என்று நகரசபை தீர்மானம் போட்டது. எங்களைக் கேட்டுப் போடவில்லை. முதல் மாட்டு வண்டி வந்து பின்பலகையைக் கழற்றிக் கொட்டியபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிய லாரிகள் நின்றுவிட்டன. மாடு எவ்வளவு தூரம்தான் இழுக்கும்? மயிலாப்பூர்க் குப்பைக்கு மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே இடம் தேடினார்கள், பட்டினப்பாக்கத்தில் நாங்கள் அகப்பட்டோம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். நாங்கள் மாதா கோயில்காரர்கள்தான், ஆனால் அந்தப் பழமொழி எங்களை விட்டுவைக்கவில்லை.

தீர்மானத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளம் தூர்ந்தால் கொசு குறையும். மேடான பிறகு அங்கே ஒரு கொட்டகை போட்டு, வாரம் ஒருமுறை நர்சம்மா வந்து உட்கார ஏற்பாடு செய்வதாகவும் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் பேசியிருந்தாராம். எல்லாம் நல்ல பேச்சு. பள்ளத்தின் ஓரத்திலேயே எங்கள் உறைகிணறு இருந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மணலைத் தோண்டி, சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கிணறு. கடல் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் தண்ணீர் கரிக்காது. குப்பம் முழுவதும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

ஐப்பசி மழை பெய்தது. குப்பையில் ஊறிய மழை மணலில் இறங்கிக் கிணற்றுக்கு வந்தது. தண்ணீரில் ஒரு வாடை. அடுத்த வீட்டுக் குழந்தை வாந்தியும் பேதியுமாகி இரண்டே நாளில் போய்விட்டது. அந்தச் சின்னப் பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்று என் மகளும் படுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள். டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, தண்ணீர் எங்கே எடுக்கிறாய் என்று. சொன்னேன். இனி அந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூட இந்தக் குழந்தைக்குக் கொடுக்காதே, அடுத்த முறை தாங்காது என்றார்.

கொடுக்காமல் எங்கே போவது? தினமும் காய்ச்சிக் குடிக்க விறகுக்கு வழியில்லை. மயிலாப்பூர்த் தெருக்குழாயில் விடியற்காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அங்கே குடத்தை வைத்தால், மீன்காரி குடம் என்று காலால் ஒதுக்கினார்கள். ஒருநாள் நான் அந்தக் காலைப் பிடித்து இழுத்துவிட்டேன். பெரிய சண்டை. அப்புறம் அந்தத் தெருவில் எங்கள் வீட்டு மீனை வாங்க ஆளில்லை. வேறு வழி தெரியாமல், ராயபுரத்தில் என் அம்மா வீட்டில் மகளை விட்டுவிட்டு வந்தேன். அங்கே தெருவிலேயே குழாய் உண்டு.

வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். என் தங்கைதான் அவளைக் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், தூங்க வைத்தாள். பேச்சு வருகிற வயசு. வீட்டில் யார் எப்படிக் கூப்பிடுகிறார்களோ குழந்தையும் அப்படியே கூப்பிடும். என் தங்கை என்னை அக்கா என்பாள். ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் என் மகள் வாசலைப் பார்த்து, அக்கா வந்திருக்கு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கொல்லைப்புறம் போய் அழுதேன். அழுதுமுடித்தபோது எனக்குக் கோபம்தான் மிச்சம் இருந்தது. கிணற்றைச் சுத்தமாக்காமல் விடுவதில்லை, மகளை வீட்டுக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டினேன்.

கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். மனு எழுதினேன். குப்பத்தில் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கி, நகரசபையின் வட்டார ஆபீசில் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கவுன்சிலரும் சானிடரி இன்ஸ்பெக்டரும் வருகிற வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து பார்வையிடுவார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வியாழக்கிழமை ராயபுரம் போய், அம்மாவிடம் குழந்தையின் துணிமணியை எடுத்துவைக்கும்படிகூடச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன். குப்பத்துக்குள் நுழைந்தவளுக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தது. மாதா திருவிழாத் தோரணங்கள் கட்டியிருந்தன. கிணற்றுக் கட்டுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தது. பள்ளத்தைப் பார்த்தேன். குப்பையைக் காணோம். கிணற்றோரம் கிடந்ததையெல்லாம் மீன் கூடைகளில் வாரிக் கடலோரத்தில் குழி தோண்டிப் புதைத்திருந்தார்கள். வார முடியாத மேட்டின்மேல் கடற்கரையிலிருந்து புது மணல் கொண்டுவந்து பரப்பி, அதையும் துடைப்பத்தால் வரி வரியாகப் பெருக்கியிருந்தார்கள். நடுவில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் தலைமை என் மாமியார். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு, என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். எங்கள் ஆட்களுக்குப் பெரிய மனுஷர் வருகிறார் என்றால் ஒரே அர்த்தம்தான். பிஷப் வந்தாலும் அதுதான், கலெக்டர் வந்தாலும் அதுதான். வருகிறவர் எதற்காக வருகிறார் என்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மணலையாவது கிளறிவிடலாம் என்று ஓடினேன். அதற்குள் கார் வந்துவிட்டது.

கவுன்சிலர் இறங்கினார். சுற்றிப் பார்த்தார். வேட்டியில் மண் படாமல் பள்ளத்தின் ஓரம்வரை நடந்தார். என் மாமியார் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இவ்வளவு சுத்தமான குப்பத்தை நான் பார்த்ததே இல்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டே குடித்தார். மணலுக்கு அடியில் இருக்கிறது ஐயா என்று நான் சொன்னேன். அதற்கென்னம்மா, இதேமாதிரி மேலே மணல் போட்டுக்கொண்டே வந்தால் தீர்ந்தது என்றார். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஆட்சேபத்துக்கு இடமில்லை என்று அடுத்த வாரமே மனுவைத் தள்ளிவிட்டார்கள். வண்டிகள் மறுபடி வந்தன, முன்னைவிட அதிகமாக.

என் வாய் சும்மா இருக்குமா? உங்களால்தான் என் பிள்ளை இன்னும் அந்த வீட்டில் கிடக்கிறாள் என்று மாமியாரிடம் கத்திவிட்டேன். அவர் அசையவில்லை.

"வூடு தேடி வர்றவனுக்குக் குப்பைய காட்டுவாங்களா? எந்த ஊர்ல கீது இந்த வயக்கம்? நான் செஞ்சது ஞாயந்தான்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். குழம்பில் உப்பு கூடிப்போனாலும் உப்பின்மேல்தான் குற்றம், அவர்மேல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது. அவர் சுட்ட மீனை நான் தொடவில்லை. என் புருஷன் பாடுதான் திண்டாட்டம். கடலே மேல் என்று அதிக நேரம் கட்டுமரத்திலேயே கிடந்தார்.

நான் வட்டார ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்றாலும், அந்த ஆபீஸ் குமாஸ்தா அம்மியைவிடக் கனமானவர். ஒருமுறை பார்த்தாயிற்று, இனி பார்க்க மாட்டார்கள் என்றார். அப்படியானால் நாள் சொல்லாமல் வரச் சொல்லுங்கள் என்றேன். முன்னறிவிப்பு இல்லாமல் பார்வையிட விதியில்லையாம். விருந்தாளிக்குக்கூட அப்படி விதியில்லையே என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கவுன்சிலர் நாள் சொல்லாமல் வரவேண்டும், வர அவசரமும் வேண்டும். அதற்கு ஒரு வழிதான் எனக்குத் தோன்றியது. பெரிய ரோட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவது ஒற்றை மணல் தடம். வண்டிக்கு வேறு பாதை இல்லை. கவுன்சிலர் வீடும் அந்தப் பெரிய ரோட்டில்தான் இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து யாரும் வாசல் பெருக்கக் கூடாது, காலையில் கூடையோடு தடத்தில் வந்து உட்காரவேண்டும். தடத்தில் உட்காரச் சம்மதித்தவர்கள், வாசலைப் பெருக்காமல் விடத் தயங்கினார்கள். மூதேவி வருவாள் என்றாள் ஒருத்தி. அவள் வந்து வருஷமாகிறது, கிணற்றில் எட்டிப் பார் என்றேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது தடத்தின் குறுக்கே ஏற்கெனவே ஒரு கூடை இருந்தது. பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நானும் பேசவில்லை. அவருக்குப் பக்கத்தில் என் கூடையை வைத்தேன். பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதல் வண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினார். அவரோடு எங்களுக்கு என்ன சண்டை? கொட்டச் சொன்னால் கொட்டுகிறவர். வழிவிடவேண்டாம், மாட்டுக்குத் தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்து நிழலில் கட்டினார். பின்னால் வந்த வண்டிகள் பெரிய ரோட்டில் வரிசையாக நின்றன. வெயில் ஏறியது. வண்டிகளுக்குள் கிடந்ததெல்லாம் புழுங்கி நாற ஆரம்பித்தது. கடல் காற்று வேறு அன்றைக்கு எங்கள் பக்கம் நின்றது, நாற்றத்தை அப்படியே பெரிய ரோட்டுப் பங்களாக்களுக்குள் தள்ளியது. ஒரு போலீஸ்காரர் வந்தார், லத்தியைத் தூக்கினார், உட்கார்ந்திருந்த கிழவிகளைப் பார்த்துவிட்டு இறக்கினார்.

மதியத்துக்குள் கவுன்சிலர் ஓடிவந்தார். கார் நுழைய இடமில்லை, நடந்தே வந்தார். மூக்கில் துண்டு. தடத்திலிருந்து எழுந்து, கிணற்றுக்கு அழைத்துப்போனேன். எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகவேண்டும். மாமியார் எங்களுக்கு முன்னால் வேகமாக வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். வாசலில் சருகும் செதிலும் கிடந்தன. பெரிய மனுஷர் வருவதைக் கண்டதும் மாமியாரின் கை தானாகத் துடைப்பத்துக்குப் போனது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். துடைப்பத்தைக் கூரையில் செருகிவிட்டு, இரண்டு கையையும் இறுகக் கட்டிக்கொண்டு நின்றார்.

பள்ளத்தில் ஈ மொய்த்த மேட்டையும் அதன் அடியிலேயே இருந்த கிணற்றையும் கவுன்சிலர் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு இப்படி இல்லையே அம்மா என்றார்.

"அன்னிக்கு நீங்க வர்றது எங்களுக்குத் தெரியும். இன்னிக்குத் தெரியாது," என்றேன்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார், மூக்கிலிருந்த துண்டை எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டார். இங்கே சாப்பாட்டுக்கும் இந்தத் தண்ணீரா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் நகரசபை இரண்டு தீர்மானம் போட்டது. பள்ளத்தில் இனி கொட்டக் கூடாது. குப்பத்து முனையில் ஒரு குழாய்.

குழாயில் தண்ணீர் வந்த அன்றே ராயபுரம் போனேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அவள் வழியெல்லாம் என் தங்கையைக் கேட்டு அழுதாள். எனக்கு வலித்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழட்டும், என் வீட்டில் அழட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் குழாயடியில் காத்திருந்தார். ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துப் பேத்தியின் வாயில் வைத்தார். எங்களுக்குள் பேச்சு இன்னும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பழைய வண்டிக்காரரைப் பெரிய ரோட்டில் பார்த்தேன். வண்டி நிறையக் குப்பை, மாடு தெற்கே போய்க்கொண்டிருந்தது. எங்கே என்று கேட்டேன். அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குப்பம், அங்கேயும் ஒரு பள்ளம் என்றார். எனக்குச் சுரீர் என்றது. குப்பை எங்காவது போகத்தான் வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. என் மகள் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தேன். வீட்டுக்கு வந்து பொதுவாகச் சுவரைப் பார்த்து இதைச் சொன்னேன். மாமியார் பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அங்கயும் கொயந்தைங்க கீது. கெளம்பு."

மாதக்கணக்கில் என்னிடம் பேசாதவர் பேசிய முதல் பேச்சு அது. மகளை அவர் தூக்கிக்கொண்டார். மணலில் தெற்கே நடந்தோம். அந்தக் குப்பத்துப் பெண்கள் எங்களை உட்காரவைத்து உபசரித்தார்கள். அவர்களும் மனு போட்டிருந்தார்களாம், மறுநாள் பெரிய மனுஷர்கள் பார்க்க வருகிறார்களாம். ஒரு பெண் கடற்கரையிலிருந்து கூடை கூடையாக மணல் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள்.

நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மணல் கூடைக்காரியிடம் போனார்.

"வேணாம்மா, கொட்டாதே. எங்க குப்பத்துல நான்தான் பெருக்கனேன். தப்பு பண்ணிட்டேன். என்னாலதான் இந்தக் கொயந்த இன்னும் மாசக்கணக்கா பெத்தவள அக்கான்னே கூப்டுச்சு."

அந்தப் பெண் கூடையை இறக்கிவைத்தாள். என்னால் மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொட்டியிருந்த புது மணலை நாங்கள் எல்லோரும் சேர்ந்து திரும்ப வார ஆரம்பித்தோம்.