ரசமட்டத்தின் இடுப்பு

ரசமட்டம் என்று அந்த ஆளுக்குப் பேர் வைத்தவர்கள் அவரோடு வேலை செய்தவர்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தக் கருவி கையில் இல்லாதபோதும் மனிதர் சும்மா இருக்க மாட்டார். மேசை சாய்ந்திருக்கிறது, கதவு இறங்கியிருக்கிறது என்று போகிற வீட்டிலெல்லாம் குறை கண்டுபிடிப்பார். இருபத்தெட்டு வருடமாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். ஊரில் பாதி வீடுகளின் குளியலறைத் தரை அவர் குந்தி உட்கார்ந்து ஒட்டியதுதான்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் காலையில் குந்தவே வரவில்லை. பாதி இறங்கியதும் இடுப்பு மாட்டேன் என்றது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டில் கோளாறில்லை, தசைதான் இறுகிக் கிடக்கிறது, நிதானமாக யோகா செய்தால் இளகும் என்றார். வேலை கொடுக்கிற மேஸ்திரி நல்ல மனுஷன்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"மூணு மாசத்துல பள்ளிக்கூட வேலை ஆரம்பிக்குது. உக்கார முடிஞ்சா வா. முடியலன்னா நம்ம கடையில நின்னுக்கிட்டு வர்றவங்களுக்கு டைல்ஸ் காட்டு."

கடையில் நின்று டைல்ஸ் காட்டுவதாம். அதைக் கேட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

யோகா சொல்லித்தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மனைவியின் தங்கையே தன் வீட்டு மாடியில் வகுப்பு நடத்துகிறாள். அதுதான் பெரிய சங்கடம். கல்யாணமான நாளிலிருந்து தான் கிண்டல் செய்துவந்த கொழுந்தியாளிடம் போய் மாணவனாக நிற்பதா?

நின்றார். வேறு வழி? அவள் போர்வையை நாலாக மடித்து அதன்மேல் உட்காரவைத்தாள். இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்து முட்டிகளைப் பக்கவாட்டில் விரிக்கச் சொன்னாள். முட்டிகள் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன. அதிலும் இடது முட்டி வலதைவிட இரண்டு விரற்கடை உயரம். வேறு யாருக்கும் அது கண்ணில்கூடப் பட்டிருக்காது. நம்மாளுக்கு அது போதாதா?

"அப்படியே இருக்கட்டும் அத்தான். முட்டிக்குக் கீழ தலகாணி வைக்கிறேன். இழுக்கிற மாதிரி இருக்கணும், வலிக்கக் கூடாது. மூச்சு சீரா வரணும்."

காது கேட்டது, மனசு கேட்கவில்லை. புதிதாக ஒட்டிய டைல்ஸில் ஒரு மூலை தூக்கிக்கொண்டால் என்ன செய்வார்? மேலே பாரம் வைப்பார். மறுநாள் பார்த்தால் படிந்திருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதே மாதிரி உட்கார்ந்து, இடது முட்டியின் மேல் நான்கு டைல்ஸை அடுக்கினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முட்டி படியத்தான் செய்தது. கூடவே தொடையிடுக்கில் சுரீரென்று ஒரு இழுப்பு. மனைவி ஓடிவந்து ஒவ்வொரு டைல்ஸாக எடுத்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்டது பெரும்பாடு.

இரண்டு வாரம் வீணாயிற்று. கொழுந்தியாள் வந்து திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"பசை ஈரமா இருக்கறப்ப டைல்ஸ அழுத்தலாம் அத்தான். நல்லா இறுகினதுக்கப்புறம் அழுத்தினா?"

"உடையும்," என்றார். தனக்குத் தெரிந்த தொழிலிலேயே கோட்டை விட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

வலி போய், டாக்டரும் சரி என்ற பிறகு மறுபடி ஆரம்பித்தார். உடம்பு சூடாகும்வரை முதலில் வீட்டுக்குள்ளேயே நடை. பிறகு மல்லாந்து படுத்து ஒரு முட்டியை மார்புப் பக்கம் கொண்டுவருவது, அப்புறம் மற்றது. கடைசியில் தலையணை வைத்துக்கொண்டு அந்த உட்காரல். சுருக்கென்றால் உடனே பின்வாங்கிவிடுவார். முட்டி வாரத்துக்கு ஒரு நூல் அளவு இறங்கியிருந்தால் அதிகம். இடதும் வலதும் கடைசிவரை சமமாகவில்லை. அவரும் அளப்பதை விட்டுவிட்டார். காலையில் படுக்கையிலிருந்து முனகாமல் எழுந்திருக்க முடிந்தது, அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

பள்ளிக்கூட வேலை ஆரம்பித்த அன்று குதிகாலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு மனிதர் குந்தினார். உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பசை வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து டைல்ஸ் ஒட்டினார். பதினொன்றாவதைக் கையில் எடுத்தபோது இடுப்பில் லேசாக ஒரு பிடிப்பு. முன்பெல்லாம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையை முடித்திருப்பார். இன்று டைல்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நாலு எட்டு நடந்தார். பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்னப்பா, முடியலையா?"

"முடியுது மேஸ்திரி. நாளைக்கும் முடியணும்ல, அதான் எழுந்துட்டேன்."