சுவருக்கு அந்தப் பக்கத்து ரேடியோ

எங்கள் லயத்தில் ரேடியோ வைத்திருந்தது ஒரே ஒரு வீடு. ஆனால் ரேடியோ கேட்காத வீடு ஒன்றுகூட இல்லை. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய ஒற்றை அறை வீடுகள்; அந்தக் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரைவரைக்கும் போகாது. கட்டியவர்களுக்குச் செங்கல்லை மிச்சம்பிடிப்பதில் அவ்வளவு அக்கறை. அந்த இடைவெளி வழியாகப் புகை வரும், கருவாட்டு வாசம் வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை வரும். பாட்டும் அதே வழியில்தான் வரும். எழுபதுகளில், இலங்கையில் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்களுக்கு வாய்த்த பெரிய சுகம் அதுதான்.

ரேடியோ பக்கத்துக் காம்பரா அத்தையுடையது. சொந்த அத்தை இல்லை; அம்மா அவரை மதினி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. இருவரும் ஒரே மலையில் கொழுந்து பறித்துவிட்டு ஒன்றாகத்தான் வீடு திரும்புவார்கள். அம்மா அடுப்பு மூட்டும் நேரம் பார்த்து அத்தை ரேடியோவைத் திருகுவார். ரொட்டி தட்டுகிற கை அப்படியே தாளம் போடும். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பகல் முழுக்கக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியவள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

அதற்கும் வந்தது வினை. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வரிசையாக வைத்திருந்த குடங்களில் அம்மாவின் குடத்தை யார் தள்ளி வைத்தது என்று சண்டை. குடம் சரிவில் தானாக நகர்ந்திருக்கும் என்பது என் கட்சி. என் கட்சியை யார் கேட்டார்கள்? இருவருக்கும் பேச்சு நின்றது. சுவரைத் தாண்டி வெறும் முணுமுணுப்பாக வருகிற அளவுக்கு அத்தை ரேடியோவைக் குறைத்தார்.

“அவ ரேடியோ பாடாட்டி எனக்குச் சோறு எறங்காதா?” என்றாள் அம்மா.

இறங்கத்தான் இல்லை. பாட்டு நேரத்தில் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் காதைக் கொடுப்பாள். அடுப்பு அணைந்து போகும். அந்த லயத்தில் அம்மாவுக்கு இருந்த ஒரே கூட்டாளி அந்த மதினிதான். அந்த உறவு இத்தோடு அறுந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

சம்பளத்துக்கு முந்தைய வாரம், புதுப் பெட்டரிக்குக் காசில்லாமல், அந்த ரேடியோவுக்குத் தொண்டை கட்டிவிடும். பழைய பெட்டரியைக் கூரைத் தகரத்தில் வெயிலில் காயவைத்து, இன்னும் கொஞ்சம் உயிரைக் கறப்பது எங்கள் ஊர் வைத்தியம். அந்த வாரம் பார்த்துப் பனிமூட்டம் வெயிலைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு உயிரான பாட்டு வந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. ஆண் குரல் ஒரு வரியை முடித்ததும் ரேடியோ முனகி அடங்கியது.

அம்மா பெண்ணின் வரியைப் பாடினாள். நன்றாக உரக்கவே பாடினாள். ரேடியோ நின்றுபோனது அவளுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கரகரவென்று, ஆணின் அடுத்த வரி வந்தது. அத்தை!

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் நீர், வாயெல்லாம் சிரிப்பு. அடுத்த வரியை எடுத்தாள். பாட்டு முடிந்ததும் கடைசிக் காம்பராவிலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

“ரொட்டி சுட்டுட்டீகளா, மதினி?” என்று சுவரைத் தாண்டிக் கேட்டாள் அம்மா.

“கருகிப்போச்சு. ஒங்களோட பாடிக்கிட்டே எங்க பாக்கிறது?”

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதித்தேன்.

சம்பளம் வந்ததும் பண்டாரவளையில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையிலிருந்து புதுப் பெட்டரி வந்தது. சில நாளில் அதே பாட்டு, கணீரென்று, லயம் முழுக்கக் கேட்டது. அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

“என்னா மதினி, இந்த ஆம்பளைக்கு ஒங்களாட்டம் பாட வரலையே!”

டக்கென்று ரேடியோ நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை தொண்டையைச் செருமினார்.