நகர்ந்துகொண்டே இருந்த எழுத்துகள்

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தென்காசியிலிருந்து வீரகேரளம்புதூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். வீட்டுக்காரர் பட்டாளத்தில், வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். ஒரே மகள். அவளை வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம்.

சாயங்காலம் வீடு வந்து சேரும்போது எனக்குள் எதுவும் மிச்சமிருக்காது. நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்குக் கத்திய தொண்டையோடு என் பிள்ளையையும் உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். அவள் ஒரு வரி வாசிப்பாள். அடுத்த வரியை விட்டுவிட்டு அதற்கடுத்த வரிக்குப் போய்விடுவாள். ‘குடம்’ என்றிருப்பதைக் ‘குளம்’ என்பாள். கண்ணைக் கசக்குவாள். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்துவிடும்.

“எம்மா, தல வலிக்குதும்மா.”

“வெளையாடும்போது வலிக்காத தல, புஸ்தகத்த எடுத்தா மட்டும் எப்படிட்டி வலிக்கும்?”

கண்ணில் கோளாறு இருக்குமோ என்று ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணமும் இருந்தது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில், தூரத்தில் மாட்டியிருந்த அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டியிருந்தாள். சாரல் நேரத்தில் நாத்தனார் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனபோது, ‘குளிக்கத் தடை’ என்று வைத்திருந்த போர்டை எங்கள் எல்லோருக்கும் முன்னால் படித்தவள் அவள்தான். “இவளுக்குப் பருந்துக் கண்ணு” என்றாள் நாத்தனார். கண் நன்றாக இருக்கிறது, புத்திதான் படிப்பில் இல்லை என்று நானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நான்காம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் தமிழ்த் தாளைப் பாதியோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். தாளின் ஓரத்தில் ‘கவனமில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நானும் எத்தனையோ தாள்களில் எழுதிய வார்த்தைதான். அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. மேஜையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். இரண்டு அடி விழுந்ததும் அவள் வலது கையை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

“இந்தக் கையில அடிம்மா. அந்தக் கையாலதான எழுதணும்.”

அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாக, ஒரு யோசனை சொல்வதுபோலச் சொன்னாள். ஸ்கேலைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனேன். அதற்குப் பிறகும் நான் திருந்தினேன் என்று சொல்ல முடியாது. அடி குறைந்தது, பேச்சு கூடியது.

இதற்கிடையில் எனக்கு வெள்ளெழுத்து வந்து, பக்கத்தில் வைத்துப் படிப்பதற்கு ஒரு கண்ணாடி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வாசிக்கும் சத்தம் கேட்டது. திக்காமல் திணறாமல் ஒரு குரல். ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். போய்ப் பார்த்தால் என் மகள். விளையாட்டாக என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அது மூக்கிலிருந்து வழியாமல் ஒரு கையால் பிடித்தபடி, பாடப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா, இதப் போட்டா எழுத்து அங்கனயே நிக்குது.”

“இல்லன்னா?”

“நகந்துக்கிட்டே இருக்கும்லா. எல்லாருக்கும் அப்படித்தான?”

ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்கவைத்துப் பரிசோதித்தார். தூரப்பார்வை, தூரத்தில் இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. பவர் நிறையவே இருந்தது.

“முகாம்ல எல்லாம் படிச்சாளே டாக்டர்.”

“சின்னப் பிள்ளைங்க கண்ண இறுக்கி எப்படியும் படிச்சிரும். தூரத்து அட்டையில இந்தக் கோளாறு பிடிபடாது. புஸ்தகத்தப் பாக்க அதவிட ரெண்டு மடங்கு இறுக்கணும். அதான் தலைவலி. நீங்க டீச்சர்தான? வாசிக்கும்போது கவனிக்கலையா?”

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு நேரே கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

கண்ணாடி போட்ட மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. வாசிக்கப் பழக வேண்டிய வருஷங்களை எழுத்தைத் துரத்துவதிலேயே கழித்திருந்தாள். இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். முதலில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி வைத்தாள். வகுப்பில் யாரோ கேலி செய்தார்களாம். தலைவலி போய்விட்டது. ‘எனக்குப் படிப்பு வராது’ என்று அவளுக்குள் ஊறிப்போன நினைப்பு மட்டும் போகவில்லை.

இப்போது ஏழாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. தமிழ் பரவாயில்லை. கதைப் புத்தகம் வாங்கிவந்தால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைத்துவிடுவாள். நானும் வற்புறுத்துவதில்லை.

போன மாசம் இருவரும் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருக்கும்போது, வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

“ஏட்டி, அன்னைக்கு ஸ்கேலால அடிச்சேம்லா, ஞாபகம் இருக்கா?”

“என்னைக்கும்மா?” என்றாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறந்துவிட்டாளா, இல்லை எத்தனையோ அடிகளில் எந்த அடியைச் சொல்கிறேன் என்று தெரியாமல் கேட்டாளா? திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.