சொல்லும்மா, சொல்லுப்பா

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பதினாறு வருடங்களாகக் கொள்முதல் பார்க்கிறேன். தறியிலிருந்து வரும் ஒவ்வொரு புடவையையும் விரித்துப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்வது என் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன்பு முதலாளி சென்னையிலிருந்து ஒரு மேனேஜரைக் கொண்டுவந்தார்.

முதல் மீட்டிங்கிலேயே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது. மேசையைச் சுற்றியிருந்த நான்கு ஆண்களையும் 'சார்' என்றார். என் முறை வந்ததும், "நீ சொல்லும்மா" என்றார். எங்கள் ஊரில் 'ம்மா'வும் 'ப்பா'வும் போடாமல் யாரும் ஆட்டோகூடப் பிடிப்பதில்லை. தெருவில் யார் சொன்னாலும் எனக்கு உறைக்காது. இது அந்த 'ம்மா' இல்லை. மற்றவர்கள் பேசியபோது குறிப்பெடுத்தவர், நான் பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை வருடம் பொறுத்துக்கொண்டேன். பொறுத்தேன் என்பதுகூடப் பொய். தினமும் வீட்டுக்குப் போய் அவரைத் திட்டினேன்.

ஒருநாள் ஹைதராபாத்திலிருந்து மொத்தமாகப் புடவை எடுக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். மேனேஜர் ஒரு புடவையை விரித்து, கோர்வை என்றார். கோர்வை என்றால் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில், அதாவது குறுக்கிழை ஓட்டும் கட்டையில், ஓட்டி, இழைக்கு இழை கோர்த்து நெய்வது. அந்தப் புடவை அப்படி நெய்ததல்ல. நான் அதைத் திருப்பிக் காட்ட வாய் திறந்தேன்.

"நீ சும்மா இரும்மா, பெரியவங்க பேசிக்கினு இருக்கோம்ல" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்வதற்காகவே அந்தக் 'கினு'.

"நீ சொல்றது தப்புப்பா. இது கோர்வை இல்ல, திருப்பிப் பாரு" என்றேன்.

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மேனேஜரின் காது சிவந்தது.

அன்று மதியமே முதலாளி கூப்பிட்டார். புடவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியாட்கள் முன்னால் மேனேஜரை வா, போ என்று பேசலாமா என்று கேட்டார்.

"வயசுக்காவது மரியாதை குடுக்கலாம்லம்மா."

"அவரு என்னவிட மூணு வயசு சின்னவரு, சார். ரெண்டு பேரு ஆதாரும் ஆபீஸ்லதான் இருக்குது."

மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். கடைசியில், இனி எல்லோரும் எல்லோரையும் சார், மேடம் என்றே அழைக்க வேண்டும் என்று வாட்ஸப் குரூப்பில் போட்டார். மறுநாளிலிருந்து மேனேஜர் என்னை 'மேடம்' என்கிறார். 'மே'யை இழுத்து, துப்புகிற மாதிரி. நானும் என் 'சாரை' அப்படித்தான் சொல்கிறேன்.

அந்த வாரம் பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து ஒரு நெசவாளி புடவை கொண்டுவந்தார். அறுபதைத் தாண்டியவர். வந்தாலே "உக்காருப்பா" என்பேன். அவர் என்னை மேடம் என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்று அவரைப் பார்த்ததும் அந்த 'ப்பா'வைச் சொல்ல வாய் கூசியது.

"வாங்க, உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. முகம் மாறியது.

"என்னா மேடம், சேலையில எதுனா தப்பு வந்துடுச்சா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மேனேஜர் கேபின் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பழையபடி 'உக்காருப்பா' என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. அவரை நிற்கவைத்தே புடவையை விரித்துப் பார்த்தேன்.