கொட்டாங்குச்சிக்குள் குடியிருந்த மீன்

மாயவன் கடலோரத்தில் பிறந்தவன்தான். ஆனால் படகில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பா சில தடவை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, இவன் தேறமாட்டான் என்று கரையிலேயே விட்டுவிட்டார். பள்ளிக்கூடமும் ஐந்தாவதோடு சரி. திண்டிவனத்துக்கு வந்து லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டப் பழகி, மரக்காணம் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டான். கல்யாணம் ஆகி, ஒரே பெண் பிறந்து, அவளும் விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போகிறாள்.

அப்படிப்பட்டவன் வீட்டில் மீன் வளர்த்தால் சொந்தக்காரன் சும்மா விடுவானா? ஊர்ப்பக்கம் தலை காட்டினால் போதும். "நாம மீனுக்கு வலை போடறோம், இவன் மீனுக்கு சோறு போடறான்டா" என்பான் ஒருத்தன். "சோறு மட்டுமா, தாலாட்டும் பாடறானாம்" என்பான் இன்னொருத்தன்.

மீனுக்குப் பெயர் அப்பிஸ்டோ. சிக்லிட் சாதியில் குட்டை ரகம். சென்னை கொளத்தூரில் வாங்கிவந்த ஜோடி. விரல் நீளம்கூட இல்லை. ஆளைக் கண்டால் ஓடி ஒளிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்தவர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "மீனு செத்துப் போச்சா?" என்றுதான் கேட்பார்கள். மாயவனுக்கு அதுதான் பிடித்தது. கடையில் நாள் முழுக்க டிரைவர்களோடு கத்திவிட்டு வருகிறவன், தொட்டிக்கு முன்னால் வந்தால் மூச்சைக்கூட மெதுவாக விடுவான். அரைமணி அசையாமல் உட்கார்ந்திருந்தால், கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சியின் ஓட்டை வழியாகப் பெண் மீன் தலையை நீட்டும்.

குஞ்சு எடுப்பதுதான் பெரிய பேஜாராக இருந்தது. முதல் தடவை மிக்சி போட்ட சத்தத்துக்கு மிரண்டு, தாயே முட்டையைத் தின்றுவிட்டது. அடுத்த தடவை போர் தண்ணீர் உப்பு ஒத்துக்கொள்ளாமல் முட்டை பூஞ்சை பிடித்தது. மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, காய்ந்த பாதாம் இலையை ஊறப்போட்டு, டீ நிறத்துக்குக் கொண்டுவந்தான். அப்புறமும் பொரித்த குஞ்சுகளை ஆண் மீன் மிச்சம் வைக்கவில்லை. இந்தத் தடவை ஆணைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டான். இரண்டு வருஷப் பாடு கடைசியில் பலித்தது. பெண் மீன் எலுமிச்சம்பழமாக மஞ்சள் பூத்து, தூசி தூசியாக ஒரு கூட்டத்தை வெளியே மேய்க்கக் கூட்டிவந்தது. ஆபத்து என்றால் உடம்பை ஒரு வெட்டு வெட்டும். அத்தனையும் அந்த நொடியே மணலில் படுத்துக்கொள்ளும்.

அந்தப் பாழாய்ப்போன வாரத்தில்தான் மகள் தமிழ்மொழியைப் பெண் பார்க்க வருகிறோம் என்று சேதி வந்தது.

மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் விழுப்புரத்தில் ஏசி மெக்கானிக். தகப்பன் இல்லை. பெரியப்பா ஜெகதீசன் வைத்ததுதான் சட்டம். மரக்காணத்துப் பக்கம் இரண்டு படகு வைத்திருக்கிற மனுஷர். தமிழ்மொழிக்குப் பையனை ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. போன் வந்தால் மாடிக்குப் போய்விடுகிறாள். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது மாயவன் வாயால். ஒரு இடத்தில் மாப்பிள்ளையின் மாமனைப் பார்த்து, "சோபாவிலேர்ந்து கால எடு" என்று சொல்லிவிட்டான்.

அதனால் அவன் மனைவி அம்பிகா முன்கூட்டியே பிடித்துக்கொண்டாள்.

"தா பாரு. அவுங்க இன்னா சொன்னாலும் செஞ்சாலும் சரின்னு சொல்லிக்கினு இரு. உன் வாயி தொறந்துது, அப்புறம் நான் மனுசியா இருக்கமாட்டேன்."

"தொட்டிகிட்ட யாரும் போவாம பாத்துக்க. அது போதும்."

"பொண்ணு பெருசா மீனு பெருசா?"

பெண்தான் பெரிசு. அதில் அவனுக்கு இரண்டாவது பேச்சே இல்லை. தொட்டியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினான். மறைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தது அவன் புத்தி.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஜெகதீசன் வாட்டசாட்டமான ஆள். உட்கார்ந்ததும் அவர் கண் போர்வையில்தான் போய் விழுந்தது.

"இன்னா மாயவன், சீரு சாமான ஒளிச்சி வச்சிருக்கியா?"

"மீன் தொட்டிங்க."

"மீனா? மீனுக்கு எதுக்குய்யா போர்வை? குளுருதா அதுக்கு?"

சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் போர்வையை இழுத்தார். மாயவன் பாதி எழுந்தான். அம்பிகா பார்த்தாள். உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாய்யா, காலி தொட்டி! நம்ம ஆளுங்க சொன்னது சரிதான். மாயவன் தண்ணிய வளக்கறான்." மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டினார். டொக், டொக். ஒவ்வொரு தட்டும் மாயவனின் நெஞ்சில் விழுந்தது.

"கூச்சப்படற மீனுங்க. உள்ள கீது."

சொல்லியிருக்கக் கூடாது. உள்ளே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் கடல்காரன் கை சும்மா இருக்குமா?

"ஒளியுதா? எங்கிட்டயா? நாப்பது வருசம் இந்தக் கையில தப்பிச்ச மீனு உண்டா?" சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே விட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெண் வீட்டாரோடு உரிமையாகப் பழகுகிறார், அவ்வளவுதான். கொட்டாங்குச்சியைத் தண்ணீருக்குள்ளேயே மல்லாத்தி, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து, அகப்பையில் மொள்வதுபோல மொண்டு மேலே எடுத்தார். தாயும் குஞ்சுகளும் அதற்குள்தான்.

"அட, மஞ்சக் குருவி! இது கொழம்புக்குக்கூட ஆவாதேய்யா."

தாய் மீன் துள்ளித் தொட்டிக்குள் விழுந்தது. ஜெகதீசன் திடுக்கிட்டுக் கையை உதற, கொட்டாங்குச்சித் தண்ணீர் மொத்தமும் டைல்ஸ் தரையில் கொட்டியது.

உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் மிளகுத்தூள் தூவியது மாதிரி புள்ளிகள். புள்ளிகள் நெளிந்தன. மாயவனுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. ஒரு ஸ்பூன் இருந்தால் போதும், அள்ளிவிடலாம். "நான் தொடைக்கறேன்" என்று குனிந்தான்.

ஜெகதீசன் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "பொண்ணப் பெத்தவரு எங்க முன்னாடி குனியறதா? உக்காருங்க சம்பந்தி."

சம்பந்தி! அந்த வார்த்தை கேட்டதும் காபித் தட்டோடு நின்ற தமிழ்மொழியின் முகம் பூத்துவிட்டது. அம்பிகாவோ, புருஷன் ஏதோ வம்பு வளர்க்கத்தான் குனிகிறான் என்று நினைத்துவிட்டாள். "வழுக்கிடப் போவுது" என்று ஜல்தியாக மாப் எடுத்துவந்து ஒரே இழுப்பாகத் துடைத்தாள். பினாயில் வாளியில் முக்கிப் பிழிந்தாள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஊசி கோக்கவே கண் தெரியாது. புள்ளியா தெரியப்போகிறது?

"எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குது" என்றார் ஜெகதீசன். "நீங்க இன்னா சொல்றீங்க?"

மாயவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சம்பந்தி, மூஞ்சி ஒரு மாதிரி கீது? குடுக்க இஷ்டமில்லியா?"

"சந்தோசங்க" என்றான். முகம் மட்டும் மாறவில்லை. பெண்ணைப் பிரியப்போகிற துக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். தாய் மீன் ஒளியவில்லை. மனுஷன் இருக்கிறான் என்கிற பயமே இல்லாமல் மூலை மூலையாகப் போய் வந்தது. கொட்டாங்குச்சி இருந்த குழியில் வாயை வைத்துப் பார்த்தது. நடுவில் நின்று உடம்பை ஒரு வெட்டு வெட்டியது. படுக்க அங்கே யாரும் இல்லை.

தமிழ்மொழி பக்கத்தில் வந்து நின்று, குஞ்சுகள் இல்லாத தொட்டியைப் பார்த்தாள். "எதுனா மிச்சம் கீதாப்பா?" என்று கேட்டாள். வருத்தமாகத்தான் கேட்டாள். ஆனால் உதட்டோரத்தில் வேறொன்று அடங்காமல் நின்றது. அவளே அதை மறைக்கப் பாடுபட்டாள்.

"நீ போய் புடவைய மாத்துமா."

குஞ்சுகளுக்கென்று முந்தின நாளே பொரிக்க வைத்திருந்த இறால் தூசி பாட்டிலில் தயாராக இருந்தது. உப்புத் தண்ணீரில் பொரிக்கும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இறால். இனி எதற்கு என்று நினைத்தான். தாய்க்காவது ஆகட்டும் என்று வடிகட்டி ஊற்றினான்.

தாய் தின்னவில்லை. மிதந்து இறங்கிய தூசிக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெல்லக் கீழே போய், அதற்கு முன்னால் நின்றுகொண்டது. சிதறியதை வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்தில் சேர்த்துத் துப்பியது. மஞ்சள் இன்னும் கூடியது. உடம்பை வெட்டியது. இறாலுக்கு அந்தப் பாஷை தெரியாது. அது தன்பாட்டுக்கு மிதந்தது. தாய் மறுபடி வெட்டியது.

கையைக் கழுவிக்கொண்டு வந்த அம்பிகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"தோ, குஞ்சு எல்லாம் உசுரோடதான கீது! இதுக்கா இவ்ளோ நேரம் எழவு வூட்டு மூஞ்சிய வச்சிக்கினு இருந்த?"

உப்பில்லாத நல்ல தண்ணீரில் அந்த இறால் சாயங்காலம்வரை தாங்கினால் அதிகம். அவன் அம்பிகாவைப் பார்த்தான். பல மாதம் கழித்து அவள் முகத்தில் இன்றைக்குத்தான் சிரிப்பு.

"ஆமா" என்றான். "கீது."